புறம்போக்கு யார்?

தமிழிலே சில சொற்கள் வருவாய்த்துறைக் கணக்கேட்டிலே பிறந்து, தெருவிலே வசைமொழியாக வளர்ந்துவிட்டன. 'புறம்போக்கு' அவற்றுள் ஒன்று. தீர்வைக்குப் புறம்பாக ஒதுக்கப்பட்ட நிலம், தனியார் எவருக்கும் பட்டா இல்லாத நிலம், ஊராருக்குப் பொதுவான நிலம் — இவ்வளவுதான் அச்சொல்லுக்கு ஏடு தந்த பொருள். அதே சொல்லை ஒரு மனிதன்மீது வீசினாலோ அது இழிமொழி! நிலத்தைக் குறித்தால் சொத்து. அந்நிலத்திலே ஓலைக் குடிசை போட்டு உழைத்து வாழ்பவனைக் குறித்தால் ஏச்சு. சொல்லுக்கு நேர்ந்த இந்தக் கதியை மொழிநூலார் ஆராயட்டும். சென்னை மாநகரிலே அச்சொல் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றப்பட்ட கதையை நாம் ஆராய்வோம். புறம் போக்கு! கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் வாழ்ந்தோரை ஊருக்குப் புறத்தே போக்கிய கதை அது.

கதையின் தொடக்கம் இப்படி இருக்கவில்லை என்பதை முதலிலே சொல்லிவிடவேண்டும். 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971-இல் குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. 'குடிசை மாற்று' என்னும் அந்தப் பெயரை உற்று நோக்குங்கள். மாற்றப்படவேண்டியது குடிசை, குடிசையிலே இருந்தவர் அல்லர். ஓலை போய்த் தளம் வரவேண்டும். ஆனால் மீனவன் கடலோரத்திலேயே இருக்கவேண்டும், கூடை சுமப்பவள் சந்தைக்கு அருகிலேயே இருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. அந்த முதற் பத்தாண்டிலே நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் எழுந்த மாடிக் குடியிருப்புகள் அழகானவை என்று நாம் வாதாட வரவில்லை. அறை சிறிது, படிக்கட்டு குறுகல், குழாயடியிலே சண்டை — உண்மைதான். ஆனால் அவை நின்ற இடம் சரியான இடம்! பொதுநிலம், நகரின் உள்ளே, முழுக்க முழுக்க ஏழைக்கு. அந்த ஒரு நேர்மை அவற்றுக்கு இருந்தது.

அந்த நேர்மை மெல்ல மெல்லத் தேய்ந்தது. 1977-இல் உலக வங்கிக் கடனோடு வந்த சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் மனைகளை வகுத்துத் தந்தது. வீட்டை அவரவர் கட்டிக்கொள்ளலாம் என்றது. அதிலே நன்மையும் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் செலவிட்ட பணம் திரும்பி வந்தாகவேண்டும் என்ற கணக்கு அன்று அரசின் மேசைமீது ஏறி அமர்ந்தது. ஏறியது இறங்கவே இல்லை. 2000-ஆம் ஆண்டையொட்டி, நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கே, ஒக்கியம் துரைப்பாக்கத்திலே கண்ணகி நகர் எழுந்தது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அடுத்துச் செம்மஞ்சேரியில் 6,000-க்கு மேல். பிறகு பெரும்பாக்கத்தில், அடுக்கடுக்காக, 20,000-க்கு மேல். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், 'வெள்ளத்திலிருந்து காக்கிறோம்' என்று ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டன? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் அண்டையிலே! செம்மஞ்சேரித் தெருக்களில் நிற்கும் தண்ணீர், நாளேடுகளுக்கு மழைக்காலத்துப் படமாகிவிட்டது.

கண்ணகி நகர்! சிலம்பைப் படித்துச் சூட்டிய பெயரா, கடற்கரைச் சிலையைப் பார்த்துச் சூட்டிய பெயரா? மதுரையை அடைந்த கண்ணகியும் கோவலனும் முதலிலே தங்கியது மதிலுக்கு வெளியே. அந்தக் காதைக்குப் பெயரே 'புறஞ்சேரி இறுத்த காதை'. எஞ்சியிருந்த சிலம்பை விற்றுப் பிழைக்கலாம் என்று கடைவீதிக்குப் போன கணவன் திரும்பி வரவில்லை. புறஞ்சேரியிலே தங்க நேர்ந்தவளின் பெயரை, ஊருக்குப் புறத்தே எழுப்பிய குடியிருப்புக்குச் சூட்டியவர்கள், தம்மையறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டார்கள்!

காப்பியத்திலேயாவது மாதரி என்றொருத்தி இருந்தாள். ஆயர்குலத்துக் கிழவி. அவள் அடைக்கலமாக ஏற்றவளுக்கு மனையை மட்டுமா தந்தாள்? சமைக்கக் கலம் தந்தாள். அரிசியும் காய்கனியும் தந்தாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு வைத்தாள். வீடு என்பது நான்கு சுவர் அன்று என்பதை அந்த இடைச்சி அறிந்திருந்தாள். நம் நாளிலோ சுவரும் சாவியும் முதலில் வந்தன. பள்ளியும் மருத்துவமனையும் போதுமான பேருந்தும் பின்னால், மிகப் பின்னால், தவணை தவணையாக வந்தன. மயிலாப்பூரிலே பத்து நிமிடம் நடந்து நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கியவள், விடியுமுன் எழுந்து பேருந்துக்குக் காத்து நிற்கிறாள். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்திலே மகளிருக்குக் கட்டணம் இல்லை, நன்று, பாராட்டுவோம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று கழிந்துபோகும் நேரத்தை எந்தச் சீட்டு அவளுக்குத் திருப்பித் தரும்? வேலை கேட்டுச் செல்லும் இளைஞன், முகவரியைச் சொன்னதும் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதைக் காண்கிறான். 2020-ஐ ஒட்டி அந்தச் சுவர்களிலே பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். ஓவியம் அழகாகவே இருக்கிறது. வாழ்வுரிமையிலே பிழைப்புரிமையும் அடங்கும் என்று பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-இலேயே கூறிவிட்டதையும் இங்கே நினைவூட்டுவோம்.

'எல்லாம் சரி; நகரத்துக்குள்ளே நிலம் பொன்னல்லவா? ஒரு கிரவுண்டு என்ன விலை தெரியுமா? அங்கே போய் ஏழைக்கு வீடு கட்டுவதா?' என்று கேட்பார் உண்டு. படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள், நல்லவர்கள்கூட இப்படிக் கேட்கிறார்கள். அவர்களிடம் ஒரு பழைய கணக்கைக் காட்டுவோம். 1945-இல் கிண்டியிலே 160 ஏக்கருக்கும் மேற்பட்ட அரசு நிலம் குதிரைப் பந்தயத்துக்காக 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. எழுதப்பட்ட ஆண்டு வாடகை 614 ரூபாயும் சில அணாவும்! 2024 செப்டம்பரிலேதான் அரசு அந்தக் குத்தகையை நீக்கி நிலத்தைக் கைக்கொண்டது. அதன் வழக்குகள் தனிக்கதை. குதிரை ஓடியபோது எவரும் நிலம் பொன் என்று சொல்லவில்லை. கூலிக்காரன் படுக்க இடம் கேட்கும்போது மட்டும் அது பொன்னாகிவிடுகிறது!

பொதுநிலத்தின் விலை என்பதுதான் என்ன? அரசு அதை விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. ஏற்கெனவே கையில் இருக்கிறது. வீட்டின் அடக்கவிலையிலே பெரும்பங்கை விழுங்குவது நகர்நிலத்தின் விலை. அது கழிந்துவிட்டால் மிஞ்சுவது செங்கல், சிமெண்டு, இரும்பு, கொத்தனார் கூலி. இவற்றின் விலை பெரும்பாக்கத்திலே ஒன்று, சேத்துப்பட்டிலே ஒன்று அன்று. அதனாலேதான் எளியோருக்கான வீட்டைப் பொதுநிலத்திலே கட்டவேண்டும் என்கிறோம். விற்று வரும் பணத்தில் தொலைவிலே கட்டலாம் என்பவர், விற்ற நிலத்தை நாளை எந்த விலைக்கு மீட்பார்?

நடக்கக்கூடியதா இது என்று ஐயுறுவோர் வியன்னாவைப் பார்க்கலாம். முதல் உலகப்போர் முடிந்து, பஞ்சமும் நோயும் வாட்டிய நகரம் அது. 1923-இல் அந்நகராட்சி வீட்டுவரி ஒன்றை விதித்தது. மாளிகைக்கு மிகுதி, சிற்றில்லுக்கு மிகக் குறைவு. வரியை வகுத்தவர் ஹூகோ பிரைட்னர். வாடகைக் கட்டுப்பாட்டினாலே நிலவிலை வீழ்ந்திருந்த நேரம் பார்த்து நகராட்சி நிலத்தை வாங்கிக் குவித்தது. 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள்! அவற்றுள் புகழ்பெற்றது கார்ல் ஏன் வரைந்த கார்ல் மார்க்ஸ் மனை: ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள், 1930-இல் திறப்பு. சலவையகம், குளியலகம், குழந்தைப் பள்ளி, நூலகம், பல் மருத்துவம் எல்லாம் உள்ளேயே. எதிரிலே இரயில் நிலையம் — இதைச் சற்று அழுத்திச் சொல்கிறோம்! வாடகை, கூலியிலே மிகச் சிறு பங்கு. கட்டடங்களின் நெற்றியிலே, இன்ன ஆண்டிலே வீட்டுவரிப் பணத்தில் நகராட்சி கட்டியது என்று எழுத்துப் பொறித்தார்கள். வள்ளல் பெயர் இல்லை, தலைவர் படம் இல்லை; வரிப்பணத்தின் பெயர் மட்டும். 1934 பிப்ரவரியில் வலதுசாரி அரசு அதன்மீது பீரங்கியால் சுட்டது. இன்றும் மனை நிற்கிறது; நகராட்சியின் கையிலே ஏறத்தாழ 2,20,000 வீடுகள் இருக்கின்றன.

'பாதியை விற்போம், பாதியை ஏழைக்குக் கொடுப்போம்' என்னும் நடுவழி பேசுவோரிடமும் நமக்கு உடன்பாடு இல்லை. விற்கும் பாதிக்குத்தான் வாயில் சாலையை நோக்கும். கொடுக்கும் பாதி சுவருக்குப் பின்னே போகும். ஆயினும் அவர்களுடைய ஒரு கேள்வி மெய்யான கேள்வி: வாடகை குறைந்தால் பராமரிப்புக்குப் பணம் எங்கே? 2021 டிசம்பரிலே திருவொற்றியூரில் வாரியத்தின் குடியிருப்பொன்று இடிந்து வீழ்ந்தது. குடியிருந்தோர் முன்னரே வெளியேறியதால் உயிர் தப்பினர். அதே ஆண்டு புளியந்தோப்பிலே புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில், கை வைத்தால் பூச்சு உதிர்ந்தது. இவை வாடகையால் வந்த கேடா? முதலதற்குக் காரணம் பழுதுபார்க்க நிலையான நிதி இல்லாமை. இரண்டாவதற்குக் காரணம் பயனாளி ஏழைதானே என்ற அலட்சியம். வியன்னா விடை தந்தது நிலையான வரியினாலும், கூலிக்காரரோடு ஆசிரியரையும் டிராம் ஓட்டுநரையும் ஒரே முற்றத்தில் குடிவைத்ததாலும். பலதரப்பட்ட உழைப்பாளர் கூடி வாழும் இடத்திலே குழாய் உடைந்தால் குரல் எழும்.

2021-இல் குடிசை மாற்று வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. 'குடிசை' போய் 'வாழ்விடம்' வந்தது, நல்ல சொல். 1970-களின் பழைய குடியிருப்புகள் பல இப்போது இடிக்கப்பட்டு, அதே இடத்தில் உயர்த்திக் கட்டப்படுகின்றன. இதை மனமார வரவேற்கிறோம். மூன்று மாடி நின்ற இடத்திலே ஒன்பது மாடி எழுந்தால் கூடுதல் வீடுகள் கிடைக்குமே, அவை யாருக்கு? பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டோருள் திரும்ப விரும்புவோர் பெயரை முதலில் எழுதவேண்டும். மின்வாரியம், துறைமுகம், இரயில்வே, மாநகராட்சி ஆகியவற்றின் கையிலே நகருக்குள் வெறுமையாய்க் கிடக்கும் நிலம் எவ்வளவு என்னும் பட்டியலையும், அடுத்த ஏலம் அறிவிக்கப்படுமுன் வெளியிடவேண்டும்.