எங்கே நின்று பார்க்கிறோம்?

கணிப்பொறியில் உருவாகும் படத்திற்குக் காமிரா என்றொரு பொருள் இல்லை. கண்ணாடி வில்லையும் இல்லை. அதைத் தாங்கும் முக்காலியும் இல்லை. எவ்விடத்தில், எத்திசை நோக்கி, எவ்வளவு அகன்ற பார்வையோடு என்பதைக் குறிக்கும் சில எண்களே அங்குக் காமிரா. கையால் வரையும் படத்தில் கோணம் மாறினால் ஓவியர் காட்சியைப் புதிதாக வரைய வேண்டும். கணிப்பொறியிலோ அறையும் பொருள்களும் நீளம், அகலம், உயரத்தோடு அமைக்கப்பட்டுவிடுகின்றன. எண்களை மாற்றினால் கூரையிலிருந்தும் பார்க்கலாம்; கட்டிலுக்கு அடியிலிருந்தும் பார்க்கலாம். இத்துணைச் சுதந்திரம் கலைக்கு வரமா, சோதனையா? முழுவதும் கணிப்பொறியால் உருவான முதல் முழுநீளப் படமாகிய 'டாய் ஸ்டோரி'யை இக்கேள்வியோடு அணுகுவோம்.

ஜான் லாசெட்டர் இயக்கிய இப்படத்தைப் பிக்சார் நிறுவனம் உருவாக்கி, 1995 நவம்பரில் டிஸ்னி வெளியிட்டது. காமிராவை எங்கும் பறக்கவிடும் வாய்ப்பிருந்தும், பெரும்பாலும் மெய்யான காமிரா நிற்கக்கூடிய இடங்களையே படைப்பாளர்கள் தேர்ந்துகொண்டனர். குறிப்பாகத் தரையோடு ஒட்டிய பொம்மையின் கண்மட்டத்தை விரும்பினர். ஆகவே நாற்காலியும் மலையாகிறது; படிக்கட்டும் பள்ளத்தாக்காகிறது.

தன்னை விண்வெளி வீரன் என்று நம்பிய பஸ், தான் ஒரு விளையாட்டுப் பொம்மையே என்பதைத் தொலைக்காட்சி விளம்பரத்தால் அறிகிறான். ஏற்க மனமின்றி மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து பாய்கிறான். ஒரு கணம் அவன் பறப்பதாகவே நமக்கும் தோன்றுகிறது. பின்னர் விழுகிறான், கை கழன்றுவிடுகிறது. இப்போது காமிரா மேலிருந்து பார்த்து, மெல்ல விலகிச் செல்கிறது. பரந்த தரையில் அவன் எவ்வளவு சிறியவன் என்பதை ஒரு சொல்லும் இன்றி உணர்கிறோம்.

இதனினும் ஆழமானவை சிட் என்னும் சிறுவனின் அறையில் நிகழும் காட்சிகள். அவன் பிய்த்து ஒட்டிய உருக்குலைந்த பொம்மைகள் இருளிலிருந்து ஊர்ந்து வருகின்றன. வுடியின் அருகில் நின்று பார்க்கும் நாமும் நடுங்குகிறோம். கை இழந்த பஸ்ஸை அவை சூழ்ந்துகொள்ளும்போது அவற்றின் முதுகுகளே தெரிகின்றன. விழுங்குகின்றன என்றே எண்ணுகிறோம். அவை விலகியதும் பஸ்ஸின் கை பொருத்தப்பட்டிருக்கிறது! காமிரா பொய் சொல்லவில்லை. வுடி நின்ற இடத்திலிருந்து தெரிந்ததையே காட்டியது. குறை காட்சியில் இல்லை. முதுகை மட்டும் பார்த்துத் தீர்ப்பிட்ட நம்மிடமே இருந்தது.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க இயலாது. உருக்குலைந்த பொம்மைகளுக்குக் கிடைத்த இரண்டாம் பார்வை, அவற்றை உருக்குலைத்த சிட்டுக்குக் கிடைக்கவில்லை. இறுதியில் அவன் அலறி ஓடுகிறான், நாம் சிரிக்கிறோம். அச்சிறுவன் ஏன் உடைக்கிறான் என்று அறிய, அவன் பக்கத்தில் சிறிது நேரம் நிற்கப் படத்திற்குப் பொறுமை இல்லை. எங்கும் நிற்கவல்ல காமிரா அங்கு மட்டும் நிற்கவில்லை.

கோணங்களின் எண்ணிக்கையால் பார்வை விரிவதில்லை. நூறு கோணங்களைக் காட்டியும் ஒரே தீர்ப்பை வழங்க முடியும். இடம் மாறி நின்ற ஒரே கோணம் தீர்ப்பையே மாற்றிவிடவும் கூடும். இனி இத்தகைய படங்களைப் பிள்ளைகளோடு பார்க்கையில், "யார் அருகில் நின்று பார்க்கிறோம்? யார் அருகில் நிற்கவில்லை?" என்று அவர்களைக் கேட்போம்; நம்மையும் கேட்டுக்கொள்வோம்.