குறத்தி வேடம்

1653ஆம் ஆண்டு, பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி கதிரவன் வேடம் பூண்டு அரசவையில் ஆடினார். அவ்வொப்பனையைக் காட்டும் ஓவியம் இன்றும் பாரிசில் உள்ளது. தஞ்சையிலோ மன்னர் ஆடவில்லை. பாட்டுடைத் தலைவராக விளங்கினார். இரண்டாம் சரபோஜியைப் புகழ்ந்து கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி, பெரிய கோயிலில் நாட்டியமாக ஆடப்பெற்றது.

மன்னர் புகழுக்கென எழுந்த நூலே அது. ஆயினும் நம் நெஞ்சில் நிற்பவள், கூடையும் கோலும் ஏந்தி வரும் குறத்தியே. குறவஞ்சி மரபில் அவள் நாயகியின் முன் தன் மலைவளத்தைப் பெருமிதத்தோடு பாடுவாள். பின்னரே குறி சொல்வாள். லூயியின் வேடம் அரசரைக் கதிரவனாக்கியது. இவ்வேடமோ ஊர் ஊராகத் திரியும் பெண்ணை அரசவைக்கு நிகராக நிறுத்தியது. இதனையே உயர்ந்த கலை என்போம்.

பெங்களூரில் வளரும் நம் குழந்தைகளும் மேடையில் குறத்தி வேடம் புனையட்டும். புகுந்த ஊரில் தம் மலையைப் பாடும் துணிவையும் அவளிடம் கற்கட்டும்.