சும்மா இருக்கும் முதலை

செங்கல்பட்டில் காலை ஏழு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லூரி பஸ்கள் போகும். ஜன்னலோரத் தலைகள் எல்லாம் கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒரு தலை போன மாதம் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டது.

எதிர் வீட்டுப் பையன். கம்ப்யூட்டர் சயின்ஸ். முதல் வருஷம் முடித்து இரண்டாம் வருஷத்தில் கால் வைத்தவன். கல்லூரியின் பெயர் வேண்டாம். எழுதாமல் விட்டாலே, 'எங்க காலேஜைத்தானே சொல்றீங்க?' என்று உங்களில் பத்துப் பேராவது கேட்கப் போகிறீர்கள்.

"ஏன்டா விட்டே?" என்றேன்.

"அங்கிள், ஃபிசிக்ஸ் லேப்ல ரீடிங் எடுத்தேன். வேற விடை வந்துச்சு. ஏன் வேற வந்துச்சுன்னு கேட்டேன். சீனியர் ரெக்கார்டை கையில குடுத்து, இதைப் பாத்து எழுதுன்னுட்டாங்க. ப்ரோக்ராமிங்கும் அப்படித்தான். நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணணும். ஒரு வருஷம் கேப் எடுத்துக்கறேன்."

அவன் அப்பாவுக்கு அந்த 'கேப்' என்ற வார்த்தையே ஆகவில்லை. "பல்லுல விழுந்தாலே ஊரு கேக்குது சார், படிப்புல விழுந்தா சும்மா விடுமா?" என்றார். பையன் தன் தரப்புச் சாட்சியாக மொபைலில் ஒரு வீடியோவைக் காட்டினான். பில் கேட்ஸ் காலேஜை விட்டார், ஸ்டீவ் ஜாப்ஸ் விட்டார், ஸக்கர்பெர்க் விட்டார், ஆகவே நண்பர்களே... என்று ஒருவர் மேடையில் கை தட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நாட்டாமைக்கு எனக்கு மீசை போதாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா, பிள்ளை, பிள்ளையின் அக்கா மூவரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் வடநெம்மேலி. முதலைப் பண்ணை.

"இங்க எதுக்கு சார்?" என்றார் அப்பா. "இதை ஆரம்பிச்சவரும் காலேஜை விட்டவர்தான்" என்றேன். பையன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ்.

அவசரப்படாதே தம்பி, கதை இன்னும் இருக்கிறது.

ராமுலஸ் விட்டேகர் 1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சின்ன வயதிலேயே இந்தியாவுக்கு வந்து, கொடைக்கானலில் பள்ளிப்படிப்பு. பிறகு அமெரிக்கா போய் வயோமிங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பட்டம் வாங்காமல் வெளியே வந்தார். 1976-ல் இந்தப் பண்ணையை ஆரம்பித்தார். 2018-ல் பத்மஸ்ரீ. மேடைப் பேச்சாளர் கையில் இந்த நாலு வரி கிடைத்தால் போதும், அரங்கம் அதிரும். விட்டார், வென்றார், வாங்கினார்.

என் புகார் இந்த மாதிரிக் கதை சொல்லலின் மேல்தான். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் எத்தனையோ வருஷம் இருக்கிறதே, அதை யார் சொல்வது? விட்டேகர், ஜானகி லெனினுடன் சேர்ந்து தன் இளமைக்காலத்தை ஆங்கிலத்தில் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். 'ஸ்நேக்ஸ், ட்ரக்ஸ் அண்ட் ராக் அண்ட் ரோல்', 2024-ல் வெளிவந்தது. தலைப்பைப் பார்த்தாலே தெரிகிறது, பிள்ளைகளுக்குப் பரிசளிக்கும் தன்னம்பிக்கை நூலாக அதை அவர்கள் நினைக்கவில்லை. பத்மஸ்ரீயில் முடியாமல், அவர் இந்தியாவுக்குத் திரும்பி வருகிற 1967-லேயே அந்தப் புத்தகம் நின்றுவிடுகிறது. அதுதான் அதன் நேர்மை.

நடுவில் நடந்தது இது. கல்லூரியை விட்டவர் 1963 முதல் 1965 வரை மயாமியில் ஒரு பாம்புப் பண்ணையில் வேலை பார்த்தார். நடத்தியவர் பில் ஹாஸ்ட். விஷப் பாம்பிடம் நூற்றெழுபது தடவைக்கு மேல் கடி வாங்கியும் நூறு வயது வரை வாழ்ந்த மனிதர். பாம்பை எப்படிப் பிடிப்பது, விஷத்தை எப்படி எடுப்பது என்பதையெல்லாம் விட்டேகர் கற்ற வகுப்பறை அதுதான். அங்கே சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுத முடியாது. தப்புச் செய்தால் பாம்பே திருத்திவிடும்.

அப்புறம் பில் வந்தது. அப்போது அமெரிக்காவில் கட்டாய ராணுவ சேவை உண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதிலிருந்து தள்ளிவைப்பும் உண்டு. கல்லூரியை விட்டவனுக்கு அந்தக் குடை கிடையாது. வியட்நாம் யுத்த காலம். விட்டேகருக்கு அழைப்பு வந்தது, போனார். ராணுவ மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்து, ஜப்பானில் பணி செய்தது அதிர்ஷ்டம். அதே வயதில் கிளம்பியவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

இதைச் சொன்னபோது அப்பா தலையாட்டினார். "அதான் சார் நானும் சொல்றேன்." அவர் பக்கம் ஒரு மார்க் ஏறிவிட்டதாக நினைத்தார். அவருக்கும் கொஞ்சம் பொறுமை தேவை.

பண்ணையில் இன்னொரு இடம் இருக்கிறது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். 1978-ல் தொடங்கியது. இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவர்கள். தோலுக்காகப் பிடித்து விற்றார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எழுபதுகளின் நடுவில் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பாம்புக்கு நல்லது. பிடித்தவர்கள் வீட்டில் அடுப்பு அணைந்தது. அவர்கள் கேட்டு வாங்காத கேப் அது.

அப்போது விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து செய்ததுதான் இந்தச் சங்கம். அதே கை, அதே வித்தை, வேறு வேலை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்துக் கொண்டுவந்து, சில வாரம் பானையில் வைத்திருந்து, விஷத்தை எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுத் திரும்பக் காட்டில் விடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு முறிமருந்து தயாராகிறது. நம்மூர் அரசு ஆஸ்பத்திரியில் கடிபட்டு வந்தவருக்கு ஏற்றும் மருந்துக்கு மூலப்பொருளைப் பெருமளவில் தந்தது இந்தக் கடற்கரை.

இந்த இருளர்களைத்தான் விட்டேகர் தன் ஆசான்கள் என்று சொல்கிறார். அவர் கல்லூரியை விட்டதை மட்டும் எல்லாரும் பேசுகிறோம். விட்ட பிறகு இரண்டு இடங்களில் மாணவனாகச் சேர்ந்ததைப் பேசுவதில்லை.

கதையின் இன்னொரு முனையும் கேளுங்கள். 2017 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலங்களில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, பிடிக்க முடியாமல் திணறியபோது, ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அங்கே வரவழைத்தது. முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகள். முறையான பள்ளிப்படிப்பு இல்லாத இரண்டு பேர் செங்கல்பட்டு மாவட்டத்து வித்தையை ஒரு பல்கலைக்கழகத்துக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

"பாத்தீங்களாப்பா, படிக்காமலே..." என்று பையன் ஆரம்பித்தான்.

இங்கேதான் அவனை நிறுத்தினேன். அவர்கள் பள்ளியை விட்டவர்கள் இல்லை, பள்ளி அவர்களை விட்டது. இன்றைக்கும் சாதிச் சான்றிதழுக்காக ஆபீஸ் ஆபீஸாக நடக்கும் இருளர் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு படிப்பை வேண்டாம் என்று உதறுவதற்கு முதலில் அது கையில் கிடைத்திருக்க வேண்டும். விடுவதும் ஒரு வசதிதான். விட்டேகருக்கும் அந்த வசதி இருந்தது. அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தது. நம் பையனுக்கு இருப்பது அப்பா வாங்கின கல்விக் கடன்.

ஆக, யார் கட்சி ஜெயித்தது என்று கேட்கிறீர்களா? விட்டதும் தொடர்ந்ததும் தனியாக எதையும் தீர்மானிக்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரிகிற நியாயம். விட்ட பிறகு எந்த வாசலில் போய் நின்றான், அங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததா, உள்ளே விட்டார்களா என்பதுதான் கணக்கு. மயாமியில் ஒரு வாசல் திறந்தது. வடநெம்மேலியில் இன்னொன்றை அவரே மற்றவர்களோடு சேர்ந்து கட்டினார்.

நம் பிள்ளைகளுக்கு நாம் எத்தனை வாசல் வைத்திருக்கிறோம்? பதினேழு வயதில் கவுன்சலிங்கில் ஒரு பட்டனை அழுத்துகிறான். பெரும்பாலும் பக்கத்து வீட்டு அண்ணன் அழுத்திய அதே பட்டன். அது தப்பு என்று பத்தொன்பது வயதில் தெரிந்தால் திரும்ப வழியில்லை. பணம் ஒரு பூட்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் ஒரு கணக்கு வகுத்தது. சேர்க்கையின் கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் விலகினால் 80 சதவிகிதம், 30 நாளுக்குள் விலகினால் 50 சதவிகிதம் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு பூஜ்யம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னது. பிற்பாடு சில ஆண்டுகளில் தேதிகளைத் தளர்த்தவும் செய்தது. நல்ல விதிதான். ஆனால் ஒரு படிப்பு தனக்கு ஒட்டவில்லை என்று முப்பது நாளில் எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? சீனியர் பெயர் தெரிவதற்கே ஒரு மாசம் ஆகும்.

2020-ன் தேசியக் கல்விக் கொள்கை வேறு வழி சொன்னது. முதல் வருஷத்தோடு நிறுத்தினால் சான்றிதழ், இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தினால் டிப்ளமோ, பிறகு வந்து தொடரலாம். இடைநிற்றலுக்கு முலாம் பூசுகிறார்கள் என்று தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. வெளியே போகும் கதவை மட்டும் அகலமாக வைத்து, திரும்பி வரும் கதவுக்கு உத்தரவாதம் இல்லை என்றால், வெளியே போவது யார் வீட்டுப் பிள்ளையாக இருக்கும்? கடன்காரர் வீட்டுப் பிள்ளை. பெண் பிள்ளை.

நான் எழுதியதல்ல இந்தக் கடைசி வார்த்தை. பண்ணை பெஞ்சில் உட்கார்ந்து அதுவரை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அக்கா சொன்னது. "மூணு வருஷம் முன்னாடி எனக்கும் பிடிக்கலைன்னு சொன்னேன். 'சரிம்மா, மாப்பிள்ளை பாக்கறோம்'னீங்க. பயந்துபோய் படிச்சு முடிச்சேன். அவனுக்கு கேப், எனக்கு கல்யாணம்."

அப்பா பதில் பேசவில்லை. நானும்தான். முதலைக் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

குளக்கரையில் ஒரு பெரிய முதலை வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா மெல்லக் கேட்டார். "இது என்ன சார் பண்ணுது?"

"சும்மா இருக்கு" என்றான் பையன்.

சும்மா இல்லை. முதலை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி. வெயிலில் கிடந்து சூடேற்றிக்கொள்ளும், அதிகமானால் வாயைத் திறந்து தணித்துக்கொள்ளும். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது சோம்பல். அதற்கு அது வேலை.

அதே சமயம் உண்மையாகவே சும்மா இருக்கும் முதலையையும் வேலையில் இருக்கும் முதலையையும் ஒரே மாதிரிதான் பார்க்க முடிகிறது என்பது அப்பாவின் பக்க நியாயம். அதனால் திரும்பி வரும் பஸ்ஸில் பையனிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவன் அல்லது ஒருத்தி இருந்தால் நீங்களும் கேட்டுப் பாருங்கள். "காலேஜை ஏன் விட்டே?" என்று வேண்டாம், அதற்கு அவர்களிடம் பத்து பதில் இருக்கிறது. "வர்ற திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு எங்க இருப்பே, யார்கிட்ட என்ன கத்துப்பே?"

கேள்வியைக் கேட்டுவிட்டு, பெற்றவர்கள் தங்கள் பங்குக்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து அவன் திரும்பி வந்து வேறு படிப்பில் சேர்ந்தாலும், அதே படிப்பில் சேர்ந்தாலும், 'அப்பவே சொன்னேன்' என்று சொல்லாமல் இருப்போமா?

பையன் திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை யோசித்தான். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் ஏதோ எழுதி அப்பாவிடம் நீட்டினான். அவர் படித்துவிட்டுப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் காட்டவில்லை.

செங்கல்பட்டில் இறங்கும்போது மகளைப் பார்த்து, "உனக்கு அப்ப என்னம்மா படிக்கணும்னு இருந்துச்சு?" என்று கேட்டார். மூன்று வருஷம் லேட். ஆனாலும் கேட்டார்.