பந்து வருமுன்னே பார்த்துவிடுகிற பையன்

தோற்றுப்போன ஆட்டத்தை எதற்கு இத்தனை முறை பார்க்கிறாய் என்று வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். 2021 ஜூலை 6, வெம்ப்ளி, யூரோ கால்பந்து அரையிறுதி. ஸ்பெயினும் இத்தாலியும். நம் கடிகாரத்தில் நள்ளிரவு 12:30க்குத் தொடங்கிய ஆட்டம். ஸ்பெயின் பெனால்டியில் தோற்றது. இருந்தும் மனசு சரியில்லாத நாளில் அதைத்தான் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். அதில் நான் பார்ப்பது ஒரே ஒருவரை: ஸ்பெயினின் 18 வயதுப் பெட்ரியை.

எதிரே இத்தாலியின் ஜோர்ஜினோவும் வெராட்டியும். ஐரோப்பாவின் பெரிய மைதானங்களில் ஆடி ஊறியவர்கள். அவர்கள் நடுவே, பள்ளிக்கூட முகம் இன்னும் மாறாத ஒரு பையன் 120 நிமிடமும் ஆடினான். அவன் கொடுத்த பாஸ்கள் 66, சேர வேண்டிய காலுக்குச் சேர்ந்தவை 65. முதல் 90 நிமிடங்களில் ஒன்றுகூடத் தவறவில்லை. பயந்துபோய்ப் பின்னாலேயே தட்டிக்கொண்டிருந்தாலும் இந்தக் கணக்கு வரும். இவனோ இத்தாலிக்காரர்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்துக்குள் புகுந்து பந்தை வாங்கினான், அங்கிருந்தே முன்னால் கொடுத்தான்.

அவனுடைய கழுத்தைப் பாருங்கள் என்றுதான் நண்பர்களிடம் சொல்வேன். பந்து இன்னும் வேறு யார் காலிலோ இருக்கும். இவன் இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை, தோளுக்குப் பின்னால் ஒன்று. பந்து வந்து சேரும்போது உடம்பு பாதி திரும்பியிருக்கும். முதல் தொடுதலே ஆளில்லாத பக்கம் போகும். பின்னாலிருந்து பாய்ந்து வந்தவன் வெறும் காற்றை உதைத்துவிட்டு நிற்பான். பெட்ரி மின்னல் வேகக்காரன் இல்லை, மோதித் தள்ளும் உடம்பும் இல்லை. மற்றவர்கள் பந்து வந்த பிறகு யோசிப்பதை இவன் முன்பே யோசித்து முடித்திருப்பான். அந்த அரை நொடிதான் அவனுடைய சொத்து. அந்த இத்தாலி ஆட்டம் முடிந்ததும் ஸ்பெயின் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே, இந்த வயதில் இனியெஸ்டாகூட இப்படி ஆடியதில்லை என்று சொன்னார். இனியெஸ்டாவோடு பார்சிலோனாவில் ஆடியவர் சொன்னது அது.

இவன் எங்கிருந்து வந்தான் என்று தேடிப் படித்தபோது இன்னும் பிடித்துப்போனது. ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே கனேரித் தீவுகள். அதில் டெனெரிஃப் தீவு, அதிலே டெகெஸ்டெ என்ற சிற்றூர். 2002 நவம்பர் 25 அன்று பிறந்தான். தாத்தா அந்த ஊரில் பார்சிலோனா ரசிகர் மன்றத்தைத் தொடங்கியவர். அப்பா கோல்கீப்பராக ஆடியவர். பையனுக்கு ரியல் மாட்ரிட் அணியின் தேர்வுதான் முதலில் வந்தது. அவன் போயிருந்த நாட்களில் அங்கே பனி கொட்டியது. தரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பனிக்கு நான் மானசீகமாக ஒரு கும்பிடு போடுவேன்.

பிறகு லாஸ் பால்மாஸ் எடுத்துக்கொண்டது. டெனெரிஃபுக்காரர்களுக்கு எதிர்த் தீவான கிரான் கனேரியாவின் அணி அது. பயிற்சியாளர் பெப்பே மெல், 2019 ஆகஸ்டில், 16 வயதிலேயே அவனை இரண்டாம் பிரிவு லீகில் இறக்கிவிட்டார். அடுத்த மாதமே முதல் கோல். அந்த கோலுக்கு முன்பே பார்சிலோனா 50 லட்சம் யூரோவுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டது. கால்பந்துச் சந்தையில் இதைவிட மலிவான பொன்னை நான் பார்த்ததில்லை!

2020இல் பார்சிலோனாவுக்கு வந்தவனை வேறு அணிக்கு இரவல் கொடுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தார்கள். பயிற்சியில் பார்த்த பயிற்சியாளர் கூமன் விடவில்லை. அந்த அக்டோபரில்தான் நான் முதலில் பார்த்தேன். கொரோனாக் காலம், பார்சிலோனாவின் காம்ப் நூ மைதானம் முழுக்கக் காலி நாற்காலிகள். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது தொலைக்காட்சியில் கேட்கும். ஃபெரென்ஸ்வாரோஸ் அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக 16ஆம் எண் சட்டையில் இறங்கினான், கோலும் போட்டான். 2021 ஜனவரியில் பில்பாவோ அணியுடனான ஆட்டம் வந்தது. தலையால் ஒரு கோல் போட்ட பிறகு, திரும்பிப் பார்க்காமலே குதிகாலால் மெஸ்ஸிக்கு ஒரு பந்து தள்ளினான். மெஸ்ஸி அடித்தார், கோல். நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றேன். மெஸ்ஸி அங்கே இருப்பார் என்று இவனுக்கு யார் சொன்னது? இருவரும் சேர்ந்து ஆடியது அந்த ஒரே பருவம்தான் என்பது இன்றும் என் மனக்குறை.

திறமையைவிட அவன் நெஞ்சுரத்தைக் காட்டியது யூரோவில் குரோஷியா ஆட்டம். 20ஆம் நிமிடம். வெகு தூரத்திலிருந்து கோல்கீப்பர் உனாய் சிமோனுக்கு ஒரு பாஸ். சிமோன் காலில் சிக்காமல் பந்து உருண்டு வலைக்குள் போய்விட்டது. கணக்கில் அது பெட்ரியின் சுயகோல். உலகமே பார்க்கிறது, வயது 18. எனக்கு வயிறு கலங்கியது. அவனோ அடுத்த பந்தையும் கேட்டு வாங்கினான், அதற்கடுத்ததையும். ஸ்பெயின் கூடுதல் நேரத்தில் 5-3 என்று வென்றது. அந்தப் போட்டித் தொடரில் ஸ்பெயின் ஆடிய 630 நிமிடங்களில் இவன் களத்தில் இல்லாதது ஒரே ஒரு நிமிடம். சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதைக் கொடுக்காமல் என்ன செய்வார்கள்?

அதோடு விட்டார்களா? நேரே டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அனுப்பினார்கள். வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினான். ஒரே பருவத்தில் மொத்தம் 73 ஆட்டங்கள். வளர்கிற உடம்பில் அத்தனை சுமையை ஏற்றியிருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொடைத் தசை இழுத்துக்கொண்டது, மாதக்கணக்கில் காணவில்லை. கோல்டன் பாய், கோபா என்று இரண்டு விருதுகளும் 2021இல் வந்தபோது அவன் காயத்தில் இருந்தான். எனக்கோ விருதுச் செய்தியைவிட அவன் மறுபடி ஓடத் தொடங்கினானா என்ற செய்திதான் வேண்டியிருந்தது.

ஓடத் தொடங்கினான். 2022 ஏப்ரல் 3, செவில்லா ஆட்டம், கோலில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது காம்ப் நூவில் ஆட்கள் இருந்தார்கள். 72ஆம் நிமிடம், டெம்பெலே கொடுத்த பந்து பெனால்டிப் பெட்டிக்கு வெளியே இவன் காலுக்கு வந்தது. அடிப்பதுபோல் காலைத் தூக்கினான், ஒருவன் சறுக்கிக்கொண்டு போனான். மறுபடி தூக்கினான், இன்னொருவனும் தரையில். அப்புறம்தான் அடித்தான். சத்தமே இல்லாத ஒரு தாழ்ந்த அடி, மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்றார்கள். பேச முடியவில்லை எனக்கு. திரையைக் காட்டினேன். ரீப்ளேயில் அவன் மறுபடியும் காலைத் தூக்கிக்கொண்டிருந்தான்.