நாட்பலனின் நடையும் நாவடக்கமும்

சோதிடம் மெய்யோ பொய்யோ என்ற வினா இக்கட்டுரையின் பொருளன்று. அவ்வினாவுக்கு விடை கூற முன்வந்தோர் பலர். 1975 இல் அறிவியலாளர் 186 பேர் ஒப்பமிட்டு மறுப்பறிக்கையொன்றை வெளியிட்டனர். அதற்குப் பின்னரும் நாட்பலன் தளர்வின்றி வெளிவருகிறது. மறுக்கப்பட்ட பின்னரும் வாசிக்கப்படும் ஓர் எழுத்து வாசகரின் ஏதோவொரு தேவையை நிறைவுசெய்கிறதென்றே கொள்ளல் வேண்டும். எமது தமிழ்ப் பத்திரிகைகளில் மேடம் முதல் மீனம் வரை பன்னிரு சிறு பந்திகளாக அமையும் இவ்வெழுத்தை, கவிதை வாசியாதவரும் ஆசிரியத் தலையங்கத்தைப் புரட்டிவிடுபவரும் வாசிக்கின்றனர். அதனை உரைநடை வகையொன்றாகக் கொண்டு, அதன் சொற்கள் என்ன செய்கின்றன என வினவுவதே ஈண்டு நோக்கம்.

இவ்வடிவம் அத்துணைப் பழமையானதன்று. பஞ்சாங்கமும் சாதகக் குறிப்பும் பழையன. நாட்பலனோ பத்திரிகைத் தொழிலின் பிள்ளை. 1930 ஓகஸ்டில் இளவரசி மார்கரெட் பிறந்தபோது, இலண்டன் சண்டே எக்ஸ்பிரஸ் பத்திரிகை ஆர். எச். நெய்லர் என்பாரைக் கொண்டு அக்குழந்தையின் எதிர்காலத்தைக் கணித்து எழுதுவித்தது. வாசகர் வரவேற்பு மிகவே அது தொடர்பத்தியாயிற்று. மேலைநாட்டுப் பத்தி, ஒருவர் பிறந்த வேளையிற் சூரியன் நின்ற இராசியைக் கொள்ளும். எமது பத்தி சந்திரன் நின்ற இராசியைக் கொள்ளும். இதிலே ஒரு சிக்கல் எழுகிறது. சந்திரன் ஓர் இராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டேகால் நாள் எடுக்கிறான். பிறந்த இராசியிலிருந்து எண்ண 1, 3, 6, 7, 10, 11 ஆம் இடங்களிற் சந்திரன் நன்மை தருவான், எட்டாமிடம் சந்திராட்டமம் என்பது கோசார விதி. சந்திரனின் இடத்தை மட்டும் நோக்கின், அடுத்தடுத்த இரு நாட்களுக்கும் பெரும்பாலும் ஒரே பலனே கிடைக்கும். பத்திரிகையோ நாள்தோறும் புதியது கேட்கிறது. வானம் மாறாத நாளிற் பேனாவே மாறவேண்டியதாகிறது.

அப்பேனா எழுதுவதைக் காண்போம். “தன்னம்பிக்கை கூடும்”, “கலைகளில் ஈடுபாடு உண்டாகும்”, “நாவடக்கம் தேவை”, “வீண் விவாதங்களைத் தவிர்க்கவும்”, “மேலதிகாரிகளை அனுசரித்துச் செல்லவும்”. பத்தி வாசகர் எவருக்கும் பழகிப்போன தொடர்களே இவை. இவற்றின் இலக்கணம் நோக்கற்பாலது. தன்னம்பிக்கை கூடும் என்னுமிடத்துத் தன்னம்பிக்கையே எழுவாய். வாசகர் அங்கே நான்காம் வேற்றுமையில், அதுவும் தொக்கு நிற்கிறார். அவர் எதனையும் செய்வதில்லை. அவருக்கு ஏதோ நிகழ்கிறது. ‘கூடும்’ என்னும் வினைமுற்று எதிர்காலத்தைக் குறிப்பதோ, இயலக்கூடியதைக் குறிப்பதோ எனத் துணிய இடமில்லை. பொய்க்கமுடியாத கூற்றுக்கு இதனினும் வாய்ப்பான விகுதி எம்மொழியில் அரிது. அடக்கத்தைப் பற்றிய தொடரிலோ நிலைமை வேறு. தவிர்க்கவும், அனுசரிக்கவும் என ஏவற்பொருள் வந்துவிடுகிறது. செய்ய வேண்டியவர் வாசகரே. ஆக்கம் வானத்திலிருந்து தானே வரும், அடக்கத்தை மட்டும் நாம் சுமக்க வேண்டும் என்பது சொல்லாமற் சொல்லப்படுகிறது. கலை ஈடுபாடு விருந்து, பிரயாணம் ஆகியவற்றோடு ஒரு மாலைப்பொழுதின் இனிமையாக வந்து போகிறது. அதனைப் பற்றிப் பத்தி அதற்குமேற் சொல்வதில்லை, நாமும் விட்டுவிடலாம்.

இத்தொடர்கள் ஒவ்வொருவருக்கும் தமக்கென்றே எழுதப்பட்டனவாகத் தோன்றுவதேன் என்பதற்கு 1948 இல் அமெரிக்க உளவியலாளர் பேர்ட்ராம் போரர் நடத்திய சோதனை விடை தருகிறது. தம் மாணவர் 39 பேருக்கும் ஒரே குணச்சித்திரத்தை, தனித்தனியே ஆராய்ந்து எழுதியது போலக் கொடுத்தார். பெரும்பாலான வாக்கியங்கள் கடையில் விற்ற சோதிட நூலொன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. அதன் பொருத்தத்துக்கு மாணவர் வழங்கிய சராசரிப் புள்ளி ஐந்துக்கு 4.26. நகைப்பதற்கு முன், அவர்களும் பல்கலைக்கழக மட்டத்து மாணவரே என்பதை நாம் நினைத்தல் நலம்.

தியடோர் அடோர்னோ இன்னும் ஆழச் சென்றார். 1952 நவம்பர் முதல் 1953 பெப்ரவரி வரை லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகையில் வந்த சோதிடப் பத்தியை வரிவரியாக ஆராய்ந்து, அது தன் வாசகரைச் சற்று முக்கியமான, ஆயினும் தமக்குமேல் ஒருவரைக் கொண்ட உத்தியோகத்தராக எண்ணிப் பேசுகிறது என்று காட்டினார். எமது பத்தியின் மேலதிகாரியும் அத்தகையவரே. அவர் எக்காலமும் அனுசரிக்கப்பட வேண்டியவர். அவர் தவறு செய்தாரா என்ற வினாவை எந்த இராசியும் எழுப்புவதில்லை. அடோர்னோ சாதாரண வாசகரின் பேதைமையை மிகைப்படுத்திவிட்டார் என்பதே என் எண்ணம். பலர் பாதி நம்பிக்கையோடு வாசித்து, தேநீர் ஆறுமுன் மறந்துவிடுகின்றனர். ஆனால் மறந்த பின்னும் தொனி தங்கிவிடுகிறது.

இத்தொனி எல்லோருக்கும் உரியதன்று. ஆள்வோருக்குச் சோதிடம் வேறு மொழியிற் பேசுகிறது. இந்நாட்டின் சனாதிபதித் தேர்தல், பதவிக்காலம் ஏறத்தாழ ஈராண்டு எஞ்சியிருக்கையில், சோதிட ஆலோசனையோடு முற்படுத்தப்பட்டு 2015 சனவரி 8 இல் நடைபெற்றது, முற்படுத்தியவர் தோற்றார். முடிவு எவ்வாறாயினும், அங்கே சோதிடம் செயலுக்கு நாட் குறித்தது. வரிசையில் நிற்பவருக்கோ பொறுமைக்கு நாட் குறிக்கிறது.

அடக்கம் இழிந்த பண்பென்பது என் வாதமன்று. கணியன் பூங்குன்றனாரை நினைவுகூர்க. கணியன் என்னும் சொல் நாள் கணிப்பவனைக் குறிக்கும். புறநானூற்றின் 192 ஆம் பாடலில் அவர் ஊழை ஏற்றுக்கொள்கிறார். ஆற்றுநீர் இழுத்துச் செல்லும் தெப்பமாகவே உயிர்வாழ்க்கையைக் காண்கிறார். அந்த ஏற்பிலிருந்து அவர் பெறும் முடிவே எமது பத்திக்கு நேர்மாறானது: உயர்ந்தோர் எனப்படுவோரைக் கண்டு மலைப்பதில்லை, எளியோரைத் தாழ்வாக எண்ணுவது அதனினும் இல்லை. விதியை நம்பிய ஒரு கணியன் வந்தடைந்த அடக்கம் மனிதரைச் சமப்படுத்துகிறது. நாட்பலனின் அடக்கமோ மேலிருப்பவரை மேலேயே வைக்கிறது. அதன் ஆயுளும் சந்திரன் இராசி மாறும் வரைதான்.

நாட்பலனில் இரக்கம் அறவே இல்லை எனக் கூறுதல் நீதியன்று. நாள் முழுதும் நல்ல சொல் ஒன்றையும் கேளாத ஒருவருக்கு அது காலையில் ஒரு நல்ல சொல்லைத் தருகிறது. ஆயினும் ஊர்ச் சாத்திரியாரிடம் இருந்த ஒன்று அதனிடம் இல்லை. அவர் குறிப்பை விரிக்குமுன் வந்தவரின் கேள்வியைக் கேட்டார். 2009 க்குப் பின், வடக்கிலும் கிழக்கிலும், காணாமலாக்கப்பட்ட மகன் உயிரோடிருக்கிறானா என்று சாத்திரம் கேட்கச் சென்ற தாய்மார் பலர். அவர்கள் பெற்ற விடைகளை நான் நியாயப்படுத்தவில்லை. பொய் நம்பிக்கைக்குப் பணம் வாங்கியோரும் உளர். எனினும் அங்கே அத்தாயின் கேள்வி, அவளுடைய சொற்களிலேயே, ஒருவர் முன் வைக்கப்பட்டது. பத்திக்கு அக்கேள்வி எட்டாது. அன்று அவளுடைய இராசிக்கு நேரே, “பிள்ளைகளால் மகிழ்ச்சி உண்டாகும், பொறுமை தேவை” என்று அச்சாகியிருக்கக்கூடும்.