பிரேக் பேட் பில்: எந்த வரிக்குப் பணம் தரலாம்?

ஒரு டி-ஷர்ட்டின் காஸ்டிங்கை நூல், நிட்டிங், டையிங், தையல், பேக்கிங் என்று காசு காசாகப் பிரித்துப் பேரம் பேசுகிற ஊர் திருப்பூர். அதே ஊரில் காருக்கு பிரேக் பேட் மாற்றினால் பில்லின் கடைசி வரியை மட்டும் பார்க்கிறார்கள். கம்பெனி சர்வீஸில் கொள்ளை என்கிறது ஒரு கட்சி. வெளியே விட்டால் டூப்ளிகேட் மாட்டிவிடுவார்கள் என்கிறது இன்னொரு கட்சி. இரண்டுமே இடத்தைப் பற்றிய வாதங்கள். பில்லைப் பிரித்துப் பார்த்தால் வேறு முடிவு கிடைக்கிறது.

நம் குடும்பக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பேட் என்றால் முன்சக்கரங்களுக்கான நான்கு துண்டுகள் கொண்ட ஒரு செட். ஏறத்தாழ 10 மில்லிமீட்டரில் தொடங்கும் உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். பல்லடம் ரோட்டிலும் புஷ்பா தியேட்டர் சந்திப்பிலும் கம்பெனி வேனுக்கும் நூல் லாரிக்கும் நடுவே நின்று நின்று நகரும் கார், அவிநாசி பைபாஸில் சீராக ஓடும் காரைவிட வேகமாகப் பேட்டைத் தின்னும்.

சிறிய கார் ஒன்றுக்கு மாதிரிக் கணக்கு போடுவோம். கம்பெனி சர்வீஸில் பேட் 2,400, லேபர் 900, பிரேக் கிளீனிங், ஸ்ப்ரே போன்ற கூடுதல் வரிகள் 1,200. மொத்தம் 4,500 ரூபாய். வெளி ஒர்க் ஷாப்பில் பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் பேட் 1,500, லேபர் 500, மொத்தம் 2,000. பெயரில்லாத பெட்டியில் வரும் பேட் 700, லேபர் 500, மொத்தம் 1,200. முதல் இரண்டும் 40,000 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு முறையே 11 காசு, 5 காசு. மூன்றாவது பேட் 24,000 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் இரண்டாவதைவிட மலிவு. 40,000இல் பாதி ஆயுளே கிடைத்தால் இரண்டு முறை மாற்றி 2,400 ஆகிவிடும். தரமில்லாத உராய்வுக் கலவை டிஸ்க்கில் கோடு போட்டு ஒரு ஜோடி டிஸ்க்குக்கு 4,000 செலவானால் மொத்தம் 6,400. கொள்ளை என்று திட்டிய கம்பெனி பில்லையே அது தாண்டிவிடுகிறது.

கம்பெனி பில்லில் கூடுதல் வரிகளை அடித்துவிட்டால் 3,300 ரூபாய். வெளி ஒர்க் ஷாப்புக்கும் அதற்கும் வித்தியாசம் 1,300 மட்டுமே. காலிபர் பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பது பேட் மாற்றும் வேலையிலேயே அடக்கம். அதற்குத் தனி வரி நியாயமில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நியாயமான செலவு. டிஸ்க்கை மாற்றச் சொன்னால், அளந்து காட்டச் சொல்ல வேண்டும். குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

கம்பெனிப் பெட்டி ஏன் விலை அதிகம்? இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில், உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் கட்டுப்படுத்தியதற்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே வேலை பார்த்ததற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் சொன்னது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களின் வழக்கில் தவறு நடந்ததை உறுதிசெய்தது, அபராதத்தை மட்டும் குறைத்தது. ஆகவே விலையில் ஒரு பகுதி பெட்டிக்கான விலை என்ற சந்தேகம் ஆதாரமற்றதல்ல.

அதற்காக, நம் ஊர் காதர்பேட்டைச் சந்தையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் வாங்குகிற தர்க்கத்தை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. ஒரே மெஷினில் ஓடிய துணி, லேபிளை வெட்டினாலும் அதே துணிதான். பேட் விஷயத்தில், ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தாலும் கார் நிறுவனத்துக்குப் போகும் கலவையும் கடைக்கு வரும் கலவையும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்றில்லை. இருந்தாலும் சென்னை பாடியில் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும், 1964இல் தொடங்கிய ரானே பிரேக் லைனிங்கும் கார் நிறுவனங்களுக்கே சப்ளை செய்து பழகியவை. அப்படிப்பட்ட பெயருக்கும் பெயரே இல்லாத பெட்டிக்கும் உள்ள தூரம், அந்தப் பெயருக்கும் கம்பெனிப் பெட்டிக்கும் உள்ள தூரத்தைவிட மிக அதிகம். பெட்டியையே போலியாக அச்சடிக்கிறார்கள் என்பதால் அங்கீகார டீலரின் ஜிஎஸ்டி பில் அவசியம். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாக ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது; பழைய ஸ்டிக்கர் விலையை ஒப்புக்கொள்ள வேண்டாம். சொந்தத் தொழிலின் பெயரில் பில் போட்டாலும் குடும்பக் காருக்கு ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட் கிடையாது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை என்று விடுமுறைக்கு மலை ஏறுகிற குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது சூட்டில் பிடிப்பு குறைவதைத் தாங்குவதுதான் நல்ல கலவைக்கான சோதனை. அங்கே காசுக் கணக்கு செல்லாது.

தீர்ப்பு இதுதான். வாரண்டி ஓடும் காருக்குக் கம்பெனி சர்வீஸே சரி, கூடுதல் வரிகளை அடிக்கச் சொல்லிவிட்டு. ஆணையம் என்ன சொன்னாலும், 1,300 ரூபாய் மிச்சத்துக்காக வாரண்டித் தகராறில் நிற்பது லாபமில்லை. வாரண்டி முடிந்த காருக்கு, பேட் பெட்டியைக் கண்முன் பிரிக்கிற, பழைய பேட்டைத் திருப்பிக் கையில் கொடுக்கிற வெளி ஒர்க் ஷாப். பேட் மட்டும் தெரிந்த தயாரிப்பாளருடையது. பெயரில்லாத பெட்டி எந்தக் காருக்கும், எந்த விலைக்கும் வேண்டாம்.