எண்ணிக்கையா, விடுதலையா?

‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்று கூறி, ஆண்டுக்கொரு பிள்ளையைப் பெண்ணின் தலையில் சுமத்திய காலம் ஒன்று இருந்தது. அம்மடமையின் மீது ‘குடி அரசு’ ஏட்டில் தந்தை பெரியார் தொடுத்த கணைதான் ‘கர்ப்பத்தடை’ என்னும் கட்டுரை. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்னும் நூலில் அதனை இன்றும் காணலாம்.

தாயின் உடல்நலம், குடும்பத்தின் வறுமை, நாட்டின் பொருளாதாரம் ஆகியவற்றைப் பிறர் காரணமாகக் காட்டினர். பெரியாரோ, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார். காரணம் எதுவானால் என்ன, காரியம் ஒன்றுதானே என்பார் உளர். அன்று, தோழர்களே! காரணம் மாறினால் காரியமே மாறிவிடும். வரலாறு அதற்குச் சான்று.

1952-இல் இந்திய அரசு தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் மக்கள்தொகையையே எண்ணிற்று. மக்களை எண்ணிப் பார்க்கவில்லை. அவசரநிலையின்போது, 1976-77 ஆகிய ஓராண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அறுவைக்கு ஆளாயினர். அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். வற்புறுத்தலுக்கு எதிராக ஆடவர் சினந்தெழுந்தனர். பிறகு என்ன நடந்தது? கத்தி பெண்களின் பக்கம் திரும்பிற்று! இலக்கு முறை 1996-இல் கைவிடப்பட்டது என்றார்கள். ஆனால் 2014 நவம்பரில், சத்தீசுகரின் பிலாசுப்பூர் மாவட்ட முகாம் ஒன்றில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்துமாறு 2016-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று.

நம் தமிழகத்தின் நிலை என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். எண்ணிக்கையில் வெற்றிதான்! ஆனால் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். அவ்வறுவையை ஏற்ற கணவரோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆணுக்குரிய அறுவையே எளியது. வயிற்றைத் திறக்க வேண்டாத ஒன்று. ஆயினும் ‘ஆண்மை போய்விடும்’ என்னும் மூடநம்பிக்கை அவனைக் காக்கிறது. அதன் விலையைப் பெண்ணின் வயிறு கொடுக்கிறது.

ஆதலின், திட்டத்தை அளக்கும் கோலை மாற்றுக என்கிறோம். ஆணுறை, மாத்திரை, ஊசி, காப்பர்-டி, அறுவை என அனைத்தின் நன்மை தீமைகளையும் அவளுக்கு விளக்குக. பிள்ளைப்பேற்றின் வலியிடையே ஒப்புதல் கேட்காதிருக்க! காப்பர்-டியை எடுத்துவிடச் சொன்னால், மறுபேச்சின்றி எடுத்துவிடுக. ஆணின் வாயிற்படியிலும் ஏறி அவன் கடமையை உணர்த்துக.

எத்தனை பேருக்கு அறுவை நடந்தது என்பதன்று கேள்வி. எத்தனை பெண்கள் தாமே முடிவு செய்தனர் என்பதே கேள்வி. அதற்கு விடை கூறும் திட்டமே மக்கள் திட்டம்!